வேண்டுகோளும் மறுமொழியும்: சொல்லடைவுச் சேவையில் பதிகைச் செருகி அமைக்கும் முறை

முன்னுரை

ஒரு சொல் ஒரு நூலில் வந்துள்ளது என்று நிறுவுவதற்கு ஓரிடம் காட்டினால் போதும். வந்திலது என்று நிறுவுவதற்கோ நூல் முழுவதையும் பார்த்தல் வேண்டும். முன்னாளில் அறிஞர்கள் அச்சிட்ட சொல்லடைவுகளின் துணைகொண்டு இப்பணியைச் செய்தனர். இந்நாளில் மின்னுருவாக்கப்பெற்ற நூல்தொகுதியை நோக்கி ஒரு வினா விடுக்கப்பெறுகின்றது. இமைப்பொழுதில் விடை வருகின்றது. அவ்விடை சுழியாக இருப்பின், 'இச்சொல் இத்தொகுதியில் இல்லை' என்று முடிவு கட்டுதல் இயல்பு. ஆயின், அச்சுழி சொல்லின் இன்மையால் வந்ததா, வினாவின் எழுத்துருவம் மாறிச் சென்றமையால் வந்ததா என்பதை விடையை மட்டும் கொண்டு அறிதல் இயலாது. வினாவும் விடையும் தாம் கடந்து சென்ற வழியில், இருந்தவாறே பதிவு செய்யப்பெற்றிருப்பின் அதனை அறியலாம். அப்பதிவினைச் செய்யும் செருகியை அமைக்குமாறு யாது என்பதனையும், அப்பதிவு எவ்வளவிற்குச் சான்றாக நிற்கும் என்பதனையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

1. சொற்களின் வரையறை

ஒரு கணிப்பொறி நிரல் மற்றொரு நிரலிடம் பணி வேண்டுதற்கு அமைந்த ஒழுங்கு 'ஏபிஐ' எனப்படும். வேண்டுவது வேண்டுகோள், அதற்கு வருவது மறுமொழி. இவை பெரும்பாலும் 'எச்.டி.டி.பி.' என்னும் நெறியின்படி செல்கின்றன. வேண்டுகோளில் செயல்முறைப் பெயர், முகவரி, தலைப்புவரிகள், உடல் என்னும் உறுப்புகள் உண்டு. மறுமொழியில் நிலையெண், தலைப்புவரிகள், உடல் என்பன உண்டு. வேண்டுவோர்க்கும் சேவைக்கும் இடையே நின்று, போவன வருவனவற்றை ஏற்று விடுக்கும் நிரல் நுழைவாயில் எனப்படும். நுழைவாயிலின் அடிப்படை நிரலைத் தொடாமல் புதுப்பணி ஒன்றை அதனொடு சேர்க்கும் சிறுநிரலே செருகி. நிகழ்ந்ததை நிகழ்ந்த வரிசையில் எழுதி வைப்பது பதிகை.

இக்கட்டுரைக்கு எடுத்துக்காட்டாகக் 'கோங்' என்னும் நுழைவாயிலைக் கொள்கின்றோம். இது 2015-இல் திறமூல நிரலாக வெளியிடப்பெற்றது. இகோர் சிசோயேவ் 2004-இல் வெளியிட்ட 'என்ஜின்எக்ஸ்' என்னும் வலைவழங்கியை அடித்தளமாகவும், பிரேசில் நாட்டில் 1993-இல் தோன்றிய 'லூவா' என்னும் நிரல்மொழியைச் செருகி எழுதும் மொழியாகவும் கொண்டது. சங்க நூல்களுக்குரிய சொல்லடைவுச் சேவை ஒன்றைத் தமிழ்த்துறை ஒன்று நடத்துவதாகவும், அதன் முன்னே இந்நுழைவாயில் நிற்பதாகவும் வைத்துக்கொள்வோம்.

2. சுழி விடையின் இரு காரணங்கள்

தமிழ் எழுத்துகள் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991-இல், இடம்பெற்றன. அவற்றுக்குரிய இடங்கள் 2944 முதல் 3071 முடிய 128 ஆகும். கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவரும் 1992-இல் வகுத்த 'யு.டி.எஃப்-8' முறைப்படி, இவ்விடங்களில் உள்ள குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக எழுதப்பெறும்.

'கொடை' என்னும் சொல்லை நோக்குவோம். ககரம் 2965, ஒகரக்குறி 3018, டகரம் 2975, ஐகாரக்குறி 3016 என நான்கு குறிகளால் இதனை எழுதலாம். அப்பொழுது 12 பைட்டுகள் ஆகும். ஒகரக்குறியை எகரக்குறி 3014, கால்குறி 3006 என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். அப்பொழுது குறிகள் ஐந்து, பைட்டுகள் 15. திரையில் இரண்டும் வேறுபாடின்றி ஒன்றாகவே தோன்றும். ஒருங்குறி விதி இவ்விரண்டினையும் சமமானவை என்கின்றது. ஆயின் பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் தேடுநிரலுக்கு அவை இரு வேறு சொற்களே. நூல்தொகுதி முதல் வடிவிலும் வினா இரண்டாம் வடிவிலும் இருப்பின் விடை சுழியாகும். இது முதற்காரணம்.

'ஔவையார்' என்னும் பெயரில் இதனினும் நுண்ணிய சிக்கல் ஒன்று உண்டு. ஔகாரத்தை ஒரே குறியாக, 2964 என, எழுதின் அப்பெயர் 7 குறிகளும் 21 பைட்டுகளும் உடையது. ஒகர உயிர் 2962-உம் ஔகாரக் குறியின் வலப்பகுதி 3031-உம் சேர்த்து எழுதின் 8 குறிகள், 24 பைட்டுகள். இவ்விரு வடிவங்களும் சமமானவை. இயல்பாக்கம் என்னும் ஒருங்குறி வினையால் இரண்டாவது முதலாவதாக மாறும். மூன்றாவதாக, ஒகரத்தின் பின் ளகர மெய்யெழுத்தின் அகரமேறிய வடிவைத் தட்டச்சிட்டு 'ஒளவையார்' என எழுதுவார் பலர். இதுவும் 8 குறிகள், 24 பைட்டுகள். ஆயின் இது சமமானதன்று. இயல்பாக்கம் இதனைத் திருத்தாது. 'ஒள' என வருமிடமெல்லாம் 'ஔ' என மாற்றிவிடலாம் எனின், 'ஒளி' என்னும் சொல் சிதையும். இது இரண்டாம் காரணம்.

மேற்காட்டிய 24 பைட்டு வடிவங்கள் இரண்டும் அளவால் ஒன்று, தன்மையால் வேறு. ஆதலின், வந்த வினாவின் அளவை மட்டும் குறித்துவைத்தல் போதாது. வினாவையே குறித்தல் வேண்டும். மேலும், இந்நிலைகளில் எல்லாம் சேவை அளிக்கும் நிலையெண் 200 ஆகவே இருக்கும். அவ்வெண் வேண்டுகோள் முறையாக நிறைவேறியது என்பதனையே குறிக்கும். தேடிய சொல் கிடைத்தது என்பதனைக் குறிக்காது. பிழை நேர்ந்தமைக்கு வேறு அறிகுறி எதுவும் இராது என்பதே இதன்கண் உள்ள இடர்.

3. உடன்வரும் செருகியை அமைத்தல்

கோங் நுழைவாயிலோடு பதிகைச் செருகிகள் பல உடன்வருகின்றன. அவற்றுள் எளியது 'ஃபைல்-லாக்' என்பது. சேவையின் பெயர், அதற்குச் செல்லும் வழி, செருகியின் பெயர் ஆகியவற்றை நுழைவாயிலின் அமைவுக்கோப்பில் எழுதி, பதிகைக் கோப்பு இருக்கவேண்டிய பாதையைக் குறித்தல் போதும். அப்பாதையில் எழுதும் உரிமை நுழைவாயிலை இயக்கும் பயனர்க்கு இருத்தல் இன்றியமையாதது. பின்னர் வேண்டுகோள் ஒவ்வொன்றிற்கும் 'ஜேசன்' வடிவில் ஒருவரி எழுதப்பெறும். வேண்டுகோளின் செயல்முறை, முகவரி, வினாப்பகுதி, தலைப்புவரிகள், அளவு; மறுமொழியின் நிலையெண், தலைப்புவரிகள், அளவு; வேண்டியவரின் இணைய எண்; தொடங்கிய நேரம்; நுழைவாயிலிலும் சேவையிலும் கழிந்த நேரம் என்பன அவ்வரியில் அடங்கும்.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. முகவரி வழியே செல்லும் தமிழ்ச்சொல்லின் பைட்டு ஒவ்வொன்றும் விழுக்காட்டுக்குறியும் ஈரெழுத்து எண்ணுமாகக் குறியிடப்பெறும். எனவே 'கொடை' ஒரு வடிவில் 36 எழுத்துகளாகவும் மற்றொரு வடிவில் 45 எழுத்துகளாகவும் பதிகையில் நிற்கும். வினாப்பகுதி என்னும் தனி உறுப்பிலோ அது குறிநீக்கப்பெற்றுத் தமிழாகவே காணப்படும். அங்கே இரு வடிவங்களும் படிப்பார் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். ஆதலின், ஐயம் தீர்க்க விழைவோர் குறிநீக்காத முகவரியையே காணுதல் வேண்டும்.

பதிகைக் கோப்பு நாளடைவில் பெருகும். பழையதனை அகற்றிப் புதியது தொடங்கும் வழக்கம் மேற்கொள்ளின், ஒவ்வொரு முறையும் கோப்பை மூடித் திறக்குமாறு செருகியில் ஓர் அமைவு உண்டு. அதனை இயக்குதல் வேண்டும். இயக்காவிடின், பெயர் மாற்றப்பெற்ற பழைய கோப்பிலேயே எழுத்துச் சென்றுகொண்டிருக்க, புதுக்கோப்பு வெறுமையாக நிற்கும். அன்றியும், கோப்பில் எழுதி முடியும்வரை நுழைவாயிலின் இயக்கம் காத்து நிற்பதால், மிக்க போக்குவரவு உள்ள இடங்களில் பதிகையை வேறொரு வழங்கிக்கு அனுப்பும் செருகியைக் கொள்ளுதல் நன்று.

4. உடலைப் பதிதல்

மேற்கூறிய செருகி வேண்டுகோளின் உடலையும் மறுமொழியின் உடலையும் இயல்பாகப் பதிவதில்லை. நீண்ட தொடர்களைத் தேடும் வினாக்கள் உடலின்வழியே செல்வன. 'எத்தனை இடங்கள் கிடைத்தன' என்னும் விடையும் மறுமொழியின் உடலிலேயே உள்ளது. எனவே, நாமே ஒரு சிறு செருகி எழுதுதல் தேவையாகின்றது.

கோங் செருகி இரு கோப்புகளால் ஆவது. 'ஸ்கீமா' என்பது செருகி ஏற்கும் அமைவுகளை வரையறுப்பது. 'ஹேண்ட்லர்' என்பது செயல்களைக் கொண்டது. இவற்றை உரிய அடைவில் வைத்து, லூவா நிரல்கள் தேடப்பெறும் பாதையில் அவ்வடைவைச் சேர்த்து, செருகிகளின் பட்டியலில் உடன்வருவனவற்றோடு நம் செருகியின் பெயரையும் எழுதி, நுழைவாயிலை மீளத் தொடங்குதல் வேண்டும்.

வேண்டுகோள் ஒன்று நுழைவாயிலைக் கடக்கையில் பல கட்டங்கள் உள. அவற்றுள் நமக்கு வேண்டுவன மூன்று. அணுகற் கட்டத்தில் வேண்டுகோளின் உடலைப் படித்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும். உடல்வடிகட்டும் கட்டத்தில் மறுமொழியின் உடல் துண்டு துண்டாக வரும். அத்துண்டுகளை வரிசையாகச் சேர்த்து, இறுதித்துண்டு வந்தபின் முழுவடிவாக்குதல் வேண்டும். தமிழெழுத்து ஒன்றன் மூன்று பைட்டுகள் இரு துண்டுகளில் பிரிந்து கிடத்தல் கூடுமாதலின், துண்டுகளைத் தனித்தனியே எழுத்தாக்குதல் தகாது. பதிகைக் கட்டத்தில், சேர்த்து வைத்த இரண்டும் ஃபைல்-லாக் எழுதும் வரியில் புதிய உறுப்புகளாக இடம்பெறும். இதற்கென, பதிகை வரியில் உறுப்பொன்றைச் சேர்க்கும் செயற்கூறு நுழைவாயிலிலேயே உண்டு.

படித்தவற்றை வேண்டுகோள்தோறும் தனித்தனியே அமைந்த நினைவிடத்தில் வைத்தல் வேண்டும். செருகி முழுமைக்கும் பொதுவான மாறியில் வைத்தல் பெரும்பிழையாம். ஒரே இயக்கம் பல வேண்டுகோள்களை மாறிமாறி நடத்துவதால், ஒருவர் வினாவோடு மற்றொருவர் விடை சேர்ந்துவிடும். ஓர் ஏட்டுக்கட்டின் இதழ் மற்றொரு கட்டில் கோக்கப்பெற்றாற் போன்றது இது. பார்வைக்கு முழுமையாக இருக்கும். பொருள் முழுதும் பிறழ்ந்திருக்கும்.

5. சான்று நிற்கும் இடம்

பதிகைச் செருகி எவ்விடத்தில் நின்று பார்க்கின்றது என்பதைப் பொறுத்தே அதன் சான்று மதிப்புப் பெறும். செருகி ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண் ஒன்று உண்டு; ஒரு கட்டத்தில் எண் பெரியது முன்னே இயங்கும். கோங் மூன்றாம் பதிப்பு வரிசையில், திறவுகோல் கொண்டு வேண்டுவோரை அறியும் செருகிக்கு 1250. வேண்டுகோளை மாற்றும் செருகிக்கு 801. மறுமொழியை மாற்றும் செருகிக்கு 800.

நம் செருகிக்கு 801-க்குக் குறைந்த எண் தரின், பிறர் திருத்திய பின்னர் உள்ள வேண்டுகோளையே அது காணும். மிக்க எண் தரின், வேண்டியவர் அனுப்பியதனை அனுப்பியவாறே காணும். 1250-க்குக் குறைந்த எண் தரின், திறவுகோல் பிழைபட்டுத் தடுக்கப்பெற்றவரின் வேண்டுகோளுடல் பதியப்படாது. ஆயினும், பதிகைக் கட்டம் அவர்க்கும் நிகழ்வதால், வினா இல்லாத விடை ஒன்று பதிகையில் நிற்கும். அதனைக் காண்பார், வெற்று வினா வந்தது எனத் தவறாகக் கருதுதல் கூடும்.

மறுமொழியின் திசையிலும் எண் பெரியதே முன்னர் இயங்குகின்றது. எனவே, மிக்க எண் உடைய செருகி சேவை தந்த மறுமொழியைக் காணுமேயன்றி, வேண்டியவர் கையிற் சேர்ந்ததைக் காணாது. இடையே மறுமொழியை மாற்றும் செருகி ஒன்று இயங்கும் இடத்தில் இவ்விரண்டும் வேறாகும். வேண்டியவர் அனுப்பியதும் அவர் பெற்றதும் ஆகிய இரண்டும் வேண்டின், முன்னுரிமை வேறுபட்ட இரு செருகிகளை அமைத்தல் வேண்டும். ஒன்றால் இரண்டும் நிறைவேறா.

பதிப்புத்துறை அறிந்தார்க்கு இது புதிய உண்மையன்று. புறநானூற்றை 1894-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏட்டுப்பிரதிகளின் பாடவேறுபாடுகளைப் போற்றிக் காத்தமையை நாம் அறிவோம். பிரதி செய்வார் தம் கருத்தின்படி திருத்தி எழுதின், பின்வருவார் மூலத்தை அடைதற்குரிய வழி அடைபடும். பதிகைச் செருகியும் பிரதி செய்வாரை ஒத்ததே. எழுத்துருவ இயல்பாக்கம் தேடுநிரலிலும் நூல்தொகுதியிலும் செய்தற்குரியது, பதிகையில் செய்தற்குரியதன்று. பதிகை இயல்பாக்கப்பெறின், சுழி விடைக்குக் காரணமான வேறுபாடே அழிந்து, சான்று பிழையை மறைப்பதாகிவிடும்.

6. பதிகையின் எல்லைகள்

நுழைவாயில் வேண்டுகோளின் உடலை நினைவகத்தில் தாங்கும் அளவு, அமைவில் மாற்றாவிடின், 8 கிலோபைட்டு ஆகும். அதனை மிஞ்சும் உடல் தற்காலிகக் கோப்பு ஒன்றிற்குச் செல்லும். அப்பொழுது உடலைப் படிக்கும் இயல்பான அழைப்பு வெறுங்கையோடு மீளும். இதனை 'உடல் இல்லை' என்று பதியாமல், 'உடல் படிக்கப்பெறவில்லை' என்று வேறுபடுத்திப் பதிதல் வேண்டும். இன்மையும் அறியாமையும் ஒன்றல்ல.

மறுமொழி பெரிதாயின் ஓரளவிற்கு மேல் வெட்டுதல் தேவைப்படும். 4096 பைட்டுகளில் வெட்டுவதாகக் கொள்வோம். முழுதும் தமிழெழுத்துகளாலாகிய உரையில் 1365 குறிகள் 4095 பைட்டுகளை நிரப்ப, எஞ்சிய ஒரு பைட்டு அடுத்த குறியின் தலைத்துண்டாக நிற்கும். அவ்வரியைப் படிக்கும் நிரல் தடுமாறும். குறியின் எல்லையில் வெட்டினும், மெய்யின் பின் வரவேண்டிய உயிர்க்குறி விடுபட்டு, 'கொ' என்பது 'க' எனப் பதியப்படலாம். எனவே, வெட்டிய இடமெல்லாம் வெட்டப்பெற்றது என்னும் குறிப்பும் முழு அளவும் உடன் எழுதப்பெறல் வேண்டும். சுருக்கி அனுப்பப்பெறும் மறுமொழியின் உடல் எழுத்தாகப் படிக்க இயலாதது. பதிகைக்குரிய வழியில் சுருக்கத்தை நிறுத்தவோ, விரித்த பின்னர்ப் பதியவோ செய்தல் வேண்டும்.

7. பதியத் தகாதன

இருந்தவாறே பதிதல் என்னும் நெறிக்கு ஒரு புறநடை உண்டு. திறவுகோல்களும் மறைச்சொற்களும் பதியத் தகாதன. அங்கீகாரத்திற்குரிய தலைப்புவரியைக் கோங் தானே மறைத்து எழுதுகின்றது. ஆயின் குக்கித் தலைப்புவரியும், திறவுகோலுக்கென அமைந்த தனித் தலைப்புவரியும் அவ்வாறு மறைக்கப்பெறா. அவற்றைப் பதிகை வரியிலிருந்து நீக்குமாறு செருகியின் அமைவில் குறித்தல் நம் கடன். திறவுகோல் முகவரியில் அனுப்பப்பெறின், அது பதிகை வரியில் ஓரிடத்தோடு நில்லாமல் முகவரியிலும் வினாப்பகுதியிலுமாகப் பரவிக் கிடக்கும். ஆதலின் அவ்வழக்கத்தையே தடுத்தல் எளிது.

வேண்டியவரின் இணைய எண் எழுத்தாராய்ச்சிக்குப் பயன்படுவதன்று, அதனை விலக்கலாம். இந்திய நாடாளுமன்றம் 2023-இல் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்துறையில் நாம் கருத்தில் கொள்ளற்பாலது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஆராய்ச்சி அறம் ஒன்றும் உண்டு. ஓர் ஆய்வாளர் அடுத்தடுத்து விடுத்த வினாக்களின் வரிசை, அவர் இன்னும் வெளியிடாத கருத்தினைக் காட்டிக்கொடுக்கும். எனவே, எவ்வளவு நாள் பதிகை காக்கப்பெறும், யார் அதனைப் பார்க்கலாம் என்பவற்றை முன்னரே வரையறுத்துச் சேவையைப் பயன்படுத்துவோர்க்கு அறிவித்தல் முறையாகும்.

8. செருகியை ஆய்ந்து ஏற்றல்

அமைத்து முடித்தபின், விடை தெரிந்த வினாக்களைக் கொண்டே செருகியை ஆய்தல் வேண்டும். 'கொடை' என்பதன் இரு வடிவங்களையும், 'ஔவையார்' என்பதன் மூன்று வடிவங்களையும் நுழைவாயிலுக்கு அனுப்புக. அனுப்பிய பைட்டுகளும் பதிகையில் உள்ள பைட்டுகளும் ஒத்தனவா என எண்ணிப் பார்க்க. பிழைபட்ட திறவுகோலோடு ஒன்றும், 8 கிலோபைட்டை மிஞ்சிய உடலோடு ஒன்றும் அனுப்புக. ஒரே நேரத்தில் பல வினாக்களை விடுத்து, ஒவ்வொரு விடையும் தன் வினாவோடு சேர்ந்துள்ளதா எனக் காண்க. வேண்டுகோள்தோறும் தனி அடையாள எண் வழங்கும் செருகியும் கோங்கில் உண்டு. அதனையும் இயக்கி, அவ்வெண்ணை மறுமொழியிலும் அனுப்பினால், ஆய்வாளர் தம் குறிப்பேட்டில் அதனை எழுதி வைத்துப் பின்னொருநாள் பதிகை வரியை எளிதில் கண்டறியலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பதிகைச் செருகி நிரலர்க்கு மட்டும் உரிய கருவியன்று என்பது தெளிவாகும். 'இச்சொல் சங்க நூல்களில் இல்லை' என்று எழுதும் ஆய்வாளர், தாம் விடுத்த வினா எவ்வுருவில் சென்றது, எவ்விடத்தில் பார்க்கப்பெற்றது, விடை முழுமையாக வந்ததா என்பவற்றைக் காட்டக் கடமைப்பட்டவர். அக்கடமையை நிறைவேற்றுதற்கு வேண்டிய சான்றினைப் பதிகை தருகின்றது. ஆயின், அது திருத்தாமல் எழுதப்பெற்றதாயும், தன் குறையைத் தானே உரைப்பதாயும், பிறர்க்குரிய மறைபொருளைக் காப்பதாயும் இருத்தல் வேண்டும். சொல்லடைவுச் சேவை நடத்தும் துறைகள் இத்தகைய செருகியைத் தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்ளுதல் நன்று. பதியாமல் விட்ட வினாவை மீண்டும் விடுக்கலாம். அதன் சுழியை நம்பி எழுதிய முடிவு அதற்குள் நூல்களில் பரவிவிடும்.